உப்புக் காற்றில் விமானி அறை அமைத்தல்

வீட்டு விமானி அறை என்பது, கணினியில் ஓடும் விமானச் சிமுலேட்டருக்கு விசைப்பலகையும் மவுசும் போதாது என்று கருதும் ஆர்வலர், உண்மையான விமானத்தின் இருக்கை, கட்டுப்பாட்டுத் தடி, உந்துவிசை நெம்புகோல்கள், சுவிட்சுப் பலகைகள் ஆகியவற்றை உரிய அளவிலும் உரிய இடத்திலும் தம் வீட்டு அறையொன்றில் எழுப்பிக்கொள்ளும் அமைப்பாகும். எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒரே முறையில் செய்யத்தக்க இந்த வேலை கடற்கரையில், அதிலும் மரக்காணம் போன்ற உப்பளக் கரையில், வேறு வேலையாக மாறிவிடுகிறது. ஏனெனில் இங்கே பணமும் கைத்திறனும் குறைவதால் கெடும் அமைப்புகளைவிட, நன்றாகச் செய்து முடித்தபின் உப்பால் கெடும் அமைப்புகளே மிகுதி. எந்த விமானத்தைத் தேர்வது என்பதிலிருந்து எந்த ஆணியை வாங்குவது என்பதுவரை எல்லா முடிவுகளையும் அந்த ஒரு காரணத்தைக் கொண்டே எடுக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

காற்றில் இருப்பது என்ன

தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மரக்காணத்தில், கிழக்கே வங்கக் கடலும், ஊரை ஒட்டி உப்பளப் பாத்திகளும், தென்மேற்கில் கழுவெளி ஏரியும் இருப்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஈரத்தோடு வருகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, நீர் வற்றியதும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாகி, பிற்பகலில் வீசும் கடற்காற்றோடு வீட்டுக்குள் நுழைந்து, கண்ணாடியிலும் கம்பியிலும் சர்க்யூட் பலகையிலும் படிகின்றன.

இந்தப் படிவின் தன்மையை உப்பளத் தொழிலைக் கொண்டே விளக்கிவிடலாம். உவர்நீரின் செறிவைப் போமே டிகிரியில் அளக்கும் அத்தொழிலில், சுமார் 25 டிகிரியில் சமையலுப்பு படிகமாகத் தொடங்குகிறது; 29, 30 டிகிரியை நெருங்கும்போது பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசிய உப்புகள் மிகுந்துவிடுவதால், அவை உப்போடு கலந்து அதைக் கசியச் செய்யாதபடி அந்நீரை வடித்துவிடுகிறார்கள். காற்றில் வரும் துளியிலிருந்து மெக்னீசியத்தை வடிப்பார் யாரும் இல்லை. தூய சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைகிறது. மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடுகிறது. ஏசி ஓடும் அறையில்கூட ஈரப்பதம் பெரும்பாலும் 50 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதால், ஒருமுறை படிந்த கடலுப்பு அங்கே முழுவதும் உலர்வதே இல்லை என்பதும், மின்சாரத்தைக் கடத்தவும் உலோகத்தை அரிக்கவும் வல்ல மெல்லிய ஈரப்படலமாகவே அது கிடக்கிறது என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஆகவே ஈரத்தைக் குறைப்பது பாதி வேலைதான். உப்பை உள்ளே விடாமல் தடுப்பதே முதல் வேலை.

எந்த விமானம்

வீட்டில் அமைப்போர் பெரிதும் நாடுபவை போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகிய இரண்டும், சிறு விமானங்களில் செஸ்னா 172-உம் ஆகும். உப்புக் கரையில் ஏ320-ஐத் தேர்வதற்கு வலுவான பொறியியல் காரணம் உண்டு. போயிங் 737-இல் இரு விமானிகளின் கட்டுப்பாட்டுத் தூண்களும் ஒன்றோடொன்று இணைந்து அசைகின்றன. தானியங்கி உந்துவிசை இயங்கும்போது நெம்புகோல்கள் தாமாகவே முன்னும் பின்னும் நகர்கின்றன. இவற்றை மெய்யாகச் செய்ய வேண்டுமானால் மோட்டார்களும் பல்சக்கரங்களும் பெல்ட்டுகளும் தேவைப்படும். அவை ஒவ்வொன்றும் உப்புக்கு இரையாகும் புதிய இடம். ஏ320-இலோ விமானியின் பக்கவாட்டில் இருக்கும் சிறு தடி, அதாவது சைடுஸ்டிக், கணினிக்குக் கட்டளை அனுப்பும் கருவி மட்டுமே. அதை அசைக்கும் கை உணர்வது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத்தான் என்பதால், நல்ல ஸ்பிரிங் பொருத்திய வீட்டுத் தடி அசலை வெகுவாக நெருங்கிவிடுகிறது. முன்பின்னாக 16 பாகையும், இடவலமாக 20 பாகையும் சாயும் அந்தத் தடியின் அளவைக் காப்பது கடினமும் அல்ல. மேலேறும் நிலைக்கான பள்ளத்தில் வைத்தபின் உந்துவிசை நெம்புகோல்கள், தானியங்கி எவ்வளவு விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும், இருந்த இடத்திலேயே நிற்கின்றன. நெம்புகோல்களை ஒட்டி இருபுறமும் இருக்கும் டிரிம் சக்கரங்கள் அசலில் தாமே சுழல்பவை. முதல் கட்டத்தில் அவற்றை அசையாச் சக்கரங்களாக விட்டுவிடுவதால் இழப்பு ஏதும் இல்லை.

அறையே அசையும் மேடை வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில், குடும்பத்துக்குச் சொந்தமான ஆர்கன் தொழிற்சாலையில் பணிபுரிந்த எட்வின் லிங்க், 1929-இல் அதே வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டு தம் முதல் பயிற்சிப் பெட்டியை அசைய வைத்தார்; ஆகவே அசைவு என்பது இத்துறையின் பிறப்பிலேயே இருப்பதுதான். ஆனால் மரக்காணத்தில் ஒரு வீட்டு மாடியில் அசையும் மேடையை வைத்துக் காப்பதற்கு ஆகும் செலவையும் உழைப்பையும், கையும் கண்ணும் தொடும் பொருள்களில் போடுவதே மேல். இவ்வாறு வீட்டில் ஓட்டும் மணிக்கணக்கு எதுவும் விமானி உரிமத்துக்குச் செல்லாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒப்புதல் அளித்த பயிற்சிக் கருவிகளில் செலவிட்ட நேரமே கணக்கில் சேரும்.

அறையும் சட்டகமும்

கடலை நோக்கிய அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது. வெளிச்சுவர் குறைவான உள்ளறை, அதுவும் வெள்ளம் எட்டாத முதல் தளத்தில் அமைந்தது, மிகவும் ஏற்றது. சன்னல்களை ரப்பர் பட்டையால் இறுக மூடி, வடிகட்டி பொருத்திய ஒரே ஒரு சிறு மின்விசிறியால் வெளிக்காற்றை உள்ளே தள்ளினால், அறையின் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று உயர்ந்து, இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமேயன்றி உள்ளே நுழையாது. அறைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி இதற்கு நேர்மாறாக, ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் உப்பை உள்ளே இழுத்துக் கொண்டுவரும். ஏசியை நிறுத்தியவுடன் சன்னலைத் திறக்கும் பழக்கமும் கேடானது: வெளியே 32 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், 28 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கும் என்பதால், 24 பாகைக்குக் குளிர்ந்திருந்த சர்க்யூட் பலகைகள் சில நிமிடங்களில் நனைந்துவிடுகின்றன.

சட்டகத்துக்கு வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சதுரக் குழாய் விலை மலிவானது. ஆனால் அது உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே பூசிய பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே குழாய் இற்றுப்போகிறது. துத்தநாகம் பூசிய குழாயும் வெல்டிங் செய்த இடத்தில் தன் காப்பை இழந்துவிடும். அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு காப்பு ஏற்றிய, அலுமினிய நீள்சட்டங்களைப் போல்ட்டால் இணைப்பதே இங்கு நிலைக்கும்; பின்னாளில் பிரித்து மாற்றவும் அது வசதி. எவர்சில்வர் போல்ட்டுகளில் 304 தரம் இக்கரையில் பழுப்பேறிவிடும் என்பதால், மாலிப்டினம் கலந்த 316 தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எவர்சில்வரும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இடையே நைலான் வாஷரும் சிறிது கிரீஸும் இருப்பது நல்லது. தளத்துக்கும் பக்கச்சுவருக்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைப் பயன்படுத்தி, வெட்டிய விளிம்புகளுக்கு எபாக்சி பூச வேண்டும். வெட்டித் தருவதற்கு எளிதாக இருக்கிறதென்று கடைக்காரர் எம்.டி.எஃப். பலகையைப் பரிந்துரைத்தால் மறுத்துவிட வேண்டும். ஓர் ஐப்பசி மழையிலேயே அது ஊதிவிடும்.

அளவுகளைத் தரையிலிருந்து எடுப்பது பலரும் செய்யும் பிழை. விமானி அறையின் எல்லா அளவுகளும் விமானியின் கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஏ320-இல் இரு முன்கண்ணாடிகளுக்கும் நடுவிலுள்ள தூணில் சிறு குண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும்; அவற்றில் வெள்ளைக் குண்டு சிவப்புக் குண்டை முழுவதும் மறைக்கும்வரை விமானி இருக்கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நகர்த்தியும் கொள்வார். வீட்டிலும் ஒரு கட்டையில் மூன்று மணிகளைச் செருகி இதைச் செய்துகொள்வதற்குச் செலவு இல்லை. ஆனால் இருவர் மாறி மாறி அமரும்போதும் ஓடுபாதை ஒரே கோணத்தில் தெரிவதற்கு இதைவிட நம்பகமான வழியும் இல்லை. முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தோடு கூடிய பழைய கார் இருக்கைகள் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்; உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள ஓட்டுநர் இருக்கையாகப் பார்த்து வாங்கினால், கண் மட்டத்தைச் சரிசெய்வது எளிதாகும்.

சுவிட்சும் சென்சாரும்

இந்த அமைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் என்பதால் இதைச் சற்று விரித்துரைப்பது தகும். பலகைகளின் முகப்பை 3 மி.மீ. வெள்ளை அக்ரிலிக் தகட்டில் செய்து, உரிய நிறத்தைப் பூசி, விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் உள்ள லேசர் எந்திரத்தால் எழுத்துகளை மட்டும் சுரண்டி எடுத்தால், பின்னாலிருந்து எல்.இ.டி. ஒளி எழுத்துகள் வழியே ஊடுருவும். அக்ரிலிக்குக்கு உப்பால் தீங்கில்லை. தீங்கு அதன் பின்னால் இருக்கும் சுவிட்சுகளுக்குத்தான்.

சுவிட்சு என்பது இரு உலோகப் பரப்புகள் தொட்டுப் பிரியும் இடம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மின்னோட்டம், பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு, சல்பைடு படலங்களைத் துளைத்துவிடுவதால், விளக்குச் சுவிட்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, தன் உள்மின்தடையான 20 முதல் 50 கிலோ ஓம் வழியே 5 வோல்ட்டில் அனுப்பும் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அந்த நலிந்த மின்னோட்டத்தால் படலத்தைத் துளைக்க இயலாமல், போட்ட சுவிட்சு போடாததுபோல் நடந்துகொள்கிறது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் டாகிள் சுவிட்சுகளின் தொடுமுனைகள் பெரும்பாலும் வெள்ளி பூசியவை. வெள்ளியோ கறுக்கும் உலோகம். இதற்கு வழிகள் இரண்டு. தொடுமுனையில் தங்கம் பூசிய, முழுதும் அடைத்த சுவிட்சுகளை வாங்குவது ஒன்று. அது செலவு மிக்கது. ஒவ்வொரு உள்ளீட்டுக் கம்பியோடும் வெளியே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, மின்னோட்டத்தை ஏறத்தாழ 2 மில்லி ஆம்பியராக உயர்த்துவது மற்றொன்று. கைகள் அடிக்கடி தொடும் சுவிட்சுகளுக்கு முதல் வழியையும், தலைக்கு மேலுள்ள பலகையில் எப்போதாவது தொடப்படுபவற்றுக்கு இரண்டாவதையும் கொள்ளலாம் என்று தோன்றினாலும், நடைமுறையில் இது தலைகீழாக அமைய வேண்டும்: அடிக்கடி இயங்கும் சுவிட்சு உராய்வினாலேயே தன்னைத் துடைத்துக்கொள்கிறது; மாதக்கணக்கில் அசையாத சுவிட்சுதான் கறுத்துக் கிடக்கும்.

சுவிட்சுகள் பலவாகும்போது, கட்டுப்பாட்டுப் பலகையின் கால்களை மிச்சப்படுத்த, அவற்றை நெடுவரிசை குறுக்குவரிசையாகப் பின்னி இணைக்கும் மேட்ரிக்ஸ் முறை கையாளப்படுகிறது. ஒவ்வொரு சுவிட்சோடும் 1என்4148 வகை டயோடு ஒன்றைச் சேர்க்காவிட்டால், மூன்று சுவிட்சுகளை ஒன்றாகப் போடும்போது போடாத நான்காவதும் போட்டதாகப் பதிவாகும். வரிசைக்கு எட்டுச் சுவிட்சுக்கு மேல் வைக்காமல் இருந்தால், மேற்சொன்ன 2 மில்லி ஆம்பியர் கணக்கில் எட்டும் சேர்ந்தாலும் 16 மில்லி ஆம்பியர்தான் ஆகும்; ஆர்டுயினோ மெகாவின் ஒரு காலுக்குப் பரிந்துரைக்கப்படும் 20 மில்லி ஆம்பியருக்குள் அது அடங்கிவிடுகிறது.

தடி, நெம்புகோல், கால் பெடல் ஆகியவற்றின் நிலையை அளக்கப் பழங்காலமாகப் பயன்படும் பொட்டென்ஷியோமீட்டரில், கரித்தடத்தின் மேல் ஓர் உலோக விரல் உரசிச் செல்கிறது. அந்தத் தடத்தில் உப்பு படிந்தால் விமானம் நேராகப் பறக்கும்போதே மூக்கு துள்ளும். இக்கரையில் ஹால் சென்சாரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. காந்தத்தின் அருகாமையைத் தொடாமலே உணரும் அந்தச் சிறு சில்லில் உரசும் பகுதி இல்லை. ஆனால் அதோடு பொருத்தும் நியோடைமியம் காந்தம் பெரும்பகுதி இரும்பாலானது. அதன் நிக்கல் பூச்சு கீறப்பட்டால் சில மாதங்களில் துருப்பிடித்துப் பொரிந்துவிடும் என்பதால், பொருத்தியவுடன் எபாக்சியால் முழுவதும் மூடிவிட வேண்டும்.

சால்டர் செய்து முடித்த பலகைகளுக்கு அக்ரிலிக் காப்புப் பூச்சை ஸ்ப்ரேயாக அடிப்பது இங்கு கட்டாயம். பூசுவதற்கு முன் கழுவுவதில்தான் தவறு நேர்கிறது. சால்டர் பசையின் எச்சத்தைக் கரைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சமையலுப்பைக் கரைப்பது இல்லை என்றே சொல்லலாம்; அதைக் கொண்டு மட்டும் துடைத்தால் உப்பு பலகையிலேயே தங்கி, பூச்சுக்கு அடியில் சிறைப்பட்டு, வெளியே தெரியாமல் செம்பைத் தின்னும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரால் கழுவி, பிறகு ஆல்கஹாலால் அலசி, வெதுவெதுப்பான இடத்தில் நன்கு உலர்த்தி, அதன்பின் பூச வேண்டும். இணைப்பான்களும் சுவிட்சின் வாயும் பூச்சு படாதபடி ஒட்டுநாடாவால் மறைக்கப்பட வேண்டும்.

மென்பொருளும் திரையும்

இப்பகுதியில் முடிவுகள் எளியவை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகள் நிலக்காட்சியின் பெரும்பகுதியை இணையத்திலிருந்து பறக்கும்போதே பெறுகின்றன. எக்ஸ்-பிளேன் 12 தன் நிலக்காட்சியைக் கணினியிலேயே வைத்திருக்கிறது. இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் வீட்டில் இரண்டாவது நிம்மதி தரும். முதலாவதில் உப்பளப் பாத்திகள் செயற்கைக்கோள் படத்தில் இருப்பதுபோலவே தெரியும். முதலாவதற்கு ஏ320-இன் ஓர் இலவச வடிவத்தை ஃப்ளை பை வயர் குழு வெளியிட்டுள்ளது. சுவிட்சுகளை மென்பொருளோடு பிணைக்க, நிரல் எழுதத் தெரியாதவருக்கும் மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள் உதவும். 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ.; கண்ணிலிருந்து 70 செ.மீ. தொலைவில் வைத்தால் அது 54 பாகைக் காட்சியைத் தரும் என்பதால், மூன்று திரைகளை வளைத்து அமைத்தால் 160 பாகை கிடைக்கும். மென்பொருளில் குறிக்கும் காட்சிக் கோணம் இந்தக் கணக்கோடு ஒத்திருக்க வேண்டும். கோணத்தைக் கூட்டிக் குறித்தால் ஓடுபாதை மெய்யைவிடத் தொலைவில் தோன்றி, தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் அடித்து விழும்.

முதல் ஓட்டத்துக்குச் சென்னையிலிருந்து புறப்பட்டு, கரையோரமாகத் தெற்கே 3,000 அடி உயரத்தில் புதுச்சேரிவரை சென்று, இறங்காமல் மேலெழும்பித் திரும்புவது பொருத்தமான வழி. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 65 கடல் மைல். 250 நாட் வேகத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் கடற்கரையோடு இணையாக ஓடி மரக்காணத்தில் முடிவதால், அதையே வழிகாட்டியாகக் கொண்டு தடியை மெல்லப் பிடித்துச் சென்றால், சென்சாரின் நடுநிலைப் பிழையும் துள்ளலும் உடனே தென்பட்டுவிடும். புதுச்சேரியின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர் நீளமே உள்ளது. 2024 டிசம்பர் முதல் இண்டிகோ அங்கே இயக்குவதும் சிறிய ஏடிஆர் விமானத்தைத்தான். ஏ320-ஐ அங்கே இறக்கிப் பார்க்கும் ஆசையைத் தவிர்த்து, சென்னையின் 3,600 மீட்டர் ஓடுபாதைக்குத் திரும்புவதே முறை.

மழைக்காலக் காப்பு

உப்பளங்களில் வேலை நிற்கும் வடகிழக்குப் பருவமழைக் காலமே விமானி அறைக்கும் சோதனைக் காலம். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை ஒட்டிக் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் எல்லா இணைப்பான்களையும் ஒருமுறை பிடுங்கிச் செருகுவதும், தலைக்கு மேலுள்ள சுவிட்சுகள் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து முறை போட்டு அணைப்பதும், காற்று வடிகட்டியை மாற்றுவதும், மின்பணியாளரைக் கொண்டு எர்த் கம்பியைச் சோதிப்பதும் நடந்துவிட வேண்டும். உவர்மண் மின்சாரத்தை நன்கு கடத்துமாயினும், மண்ணுக்குள் இருக்கும் இரும்புக் குழாயை அதே மண் விரைவில் அரித்துவிடுகிறது.

புயல் எச்சரிக்கை வந்ததும் யு.எஸ்.பி., இணையம், மின்சாரம் மூன்றையும் பிடுங்கி, கணினியையும் கட்டுப்பாட்டுப் பலகைகளையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து உயரத்தில் வைக்க வேண்டும். பலகைகள் கழற்றத் தக்கவையாக, ஒவ்வொன்றும் ஒரே ஒரு கொத்துக் கம்பியால் இணைக்கப்பட்டவையாக அமைந்திருந்தால் இது அரை மணி நேர வேலை. மின்சாரம் திரும்பியவுடன் இயக்கிப் பார்ப்பதற்கு அவசரப்படக் கூடாது. அறை ஒரு நாளேனும் உலர வேண்டும். கடல்நீரோ உவர்நீர் கலந்த வெள்ளமோ ஏதேனும் ஒரு பலகையைத் தொட்டிருந்தால், வெயிலில் வைத்து உலர்த்துவதுதான் மிகப் பெரிய தவறு: நீர் போய் உப்பு அங்கேயே நின்றுவிடும். ஈரம் காயும் முன்பே அதை வடிநீரில் மூழ்கவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி அலசி, ஆல்கஹாலால் கழுவி, அதன்பிறகே உலர்த்த வேண்டும். அப்படிச் செய்த பலகைகளில் பெரும்பாலானவை மீண்டும் இயங்கும்; கடல்நீர் புகுந்த சுவிட்சுகளையும் இணைப்பான்களையும் மட்டும் மாற்றினால் போதும்.